எடை ஊசியும் சிஆர்பி ரிப்போர்ட்டும்

முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்கள் பலவற்றில் இப்போது எச்எஸ்-சிஆர்பி என்று, உடம்பில் உள்ள அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை வரி ஒன்று சேர்ந்தே வருகிறது. அதில் 4 என்றோ 6 என்றோ எண் வந்து, பக்கத்தில் ‘அதிகம்’ என்று தடித்த எழுத்தில் இருந்துவிட்டால், அடுத்த கேள்வி யூடியூப் உபயத்தில் தயாராக இருக்கிறது: “மவுஞ்சாரோ எடை ஊசி போட்டால் இது இறங்குமாமே?”

இறங்கும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எதனால் ஏறியது என்று பார்க்காமல் இறக்கக் கிளம்பினால், மாதாமாதம் பெரிய தொகை செலவழித்து ரிப்போர்ட்டில் ஒரு எண்ணை மட்டும் சரிசெய்ததாக முடியலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சிஆர்பி ஏறுவதற்கும் மூட்டு வலிப்பதற்கும் தொப்பையைத் தவிர வேறு காரணங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில், தொப்பைக்கும் அழற்சிக்கும் என்ன சம்பந்தம்? நாள்பட்ட அழற்சியில் காய்ச்சல் இருக்காது, வீக்கம் தெரியாது, பெரும்பாலும் வலியும் இருக்காது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பில் நடப்பது அது. கொழுப்பு செல் அளவுக்கு மீறிப் பெருத்தால் அதற்குப் பிராணவாயு போதாமல் சில செல்கள் செத்துப் போகின்றன. அவற்றை அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுக்கள் வந்து சூழ்ந்துகொள்கின்றன. வந்தவை சும்மா இருப்பதில்லை. டிஎன்எஃப்-ஆல்ஃபா, இன்டர்லூகின்-6 போன்ற புரதங்களை ஓயாமல் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. டிஎன்எஃப் கொழுப்புத் திசுவிலிருந்தே சுரக்கிறது, அது இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்று ஹோட்டமிஸ்லிகிலும் ஸ்பீகல்மனும் எலிகளில் காட்டிய ஆண்டு 1993. இன்டர்லூகின்-6 கல்லீரலை எட்டியதும் கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தைத் தயாரிக்கிறது. லேப்பில் அளப்பது இந்தக் கடைசிப் பொருளைத்தான்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல். கை கால் ஒல்லியாக இருக்கும், வயிறு மட்டும் முன்னால் நிற்கும். வெள்ளைக்காரர்களுக்கு பிஎம்ஐ 30-ல் தொடங்கும் தொல்லை இங்கே 25-லேயே தொடங்கிவிடுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் உள்கொழுப்பு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பேண்ட் கட்டும் இடத்தில் அளப்பது தப்பு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்டு முடித்த நிலையில், டேப்பை இறுக்காமல் அளக்க வேண்டும்.

செமாக்ளூடைடும் (வெகோவி, ஓசெம்பிக்) டிர்செபடைடும் (மவுஞ்சாரோ) இந்தச் சங்கிலியில் கைவைக்கும் மருந்துகள். செமாக்ளூடைட் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோனைப் போல நடிக்கிறது. டிர்செபடைட் அதோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. பசி குறைகிறது, இரைப்பை மெதுவாகக் காலியாகிறது, எடை இறங்குகிறது. ஸ்டெப் 1 ஆய்வில் செமாக்ளூடைட் 2.4 மி.கி. போட்டவர்களுக்கு 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தது. 2022-ல் வெளிவந்த சர்மவுண்ட்-1 ஆய்வில் டிர்செபடைட் 15 மி.கி. எடுத்தவர்களுக்கு 72 வாரத்தில் 20.9 சதவீதம்.

கொழுப்பு கரைந்தால் அழற்சி குறையும் என்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. பட்டினி கிடந்து குறைத்தாலும் குறையும். விஷயம் சுவாரசியமாவது இதற்குப் பிறகுதான். 2023 நவம்பரில் வெளிவந்த செலக்ட் ஆய்வில் 17,604 பேர். எல்லோரும் 45 வயதைத் தாண்டியவர்கள், ஏற்கெனவே மாரடைப்போ பக்கவாதமோ கால் ரத்தக்குழாய் அடைப்போ வந்தவர்கள், பிஎம்ஐ 27-க்கு மேல், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். செமாக்ளூடைட் பிரிவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. எச்எஸ்-சிஆர்பி, மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 38 சதவீதம் இறங்கியது. எடை பெரிதாகக் குறைவதற்கு முன்பே, மருந்தளவை ஏற்றிக்கொண்டிருந்த ஆரம்ப வாரங்களிலேயே அந்த இறக்கம் தொடங்கிவிட்டது. எடை அதிகம் குறையாதவர்களுக்கும் இதயப் பலன் கிடைத்தது. 2025-ல் வந்த மறு அலசலில், அந்தப் பலனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் இடுப்புச் சுற்றளவு குறைந்ததோடு சேர்த்துக் கணக்கிட முடிந்தது.

மீதி எங்கிருந்து வருகிறது? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் கனடாவின் டொரன்டோவில் டிரக்கர் குழு எலிகளில் செய்து 2024-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு தடம் காட்டுகிறது. எலிக்கு அழற்சியைத் தூண்டிவிட்டு, ஜிஎல்பி-1 மருந்து கொடுத்தால் டிஎன்எஃப் குறைகிறது. மூளையில் உள்ள ஜிஎல்பி-1 ஏற்பிகளை மட்டும் அடைத்துவிட்டால் அந்தக் குறைவு காணாமல் போகிறது. அதாவது மருந்து வெள்ளணுக்களோடு நேராகப் பேசுவதில்லை, மூளை வழியாக உத்தரவு போகிறது. எலியில் கண்டது மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் எடை குறையும் முன்பே சிஆர்பி ஏன் இறங்குகிறது என்பதற்கு இது பொருத்தமான விளக்கம்.

இவ்வளவு கேட்டதும் “அப்படியானால் அழற்சி உள்ள எல்லா நோய்க்கும் இதைப் போடலாமே” என்று தோன்றும். அங்கேதான் கவனம் வேண்டும். அல்சைமர் மறதி நோயிலும் மூளையில் அழற்சி இருக்கிறது என்று நம்பி, மாத்திரை வடிவ செமாக்ளூடைடை வைத்து எவோக் என்ற பெயரில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. 2025 நவம்பரில் முடிவு வந்தது. நோய் சார்ந்த ரத்த, தண்டுவட நீர்க் குறியீடுகள் கொஞ்சம் மேம்பட்டன, நோயின் வேகம் குறையவில்லை. ரிப்போர்ட்டில் எண் நன்றாக ஆவதும் ஆள் நன்றாக ஆவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

சிஆர்பி எண்ணைப் படிப்பது எப்படி

ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது அலகு. லிட்டருக்கு மில்லிகிராமா, டெசிலிட்டருக்கு மில்லிகிராமா? ஒரு டெசிலிட்டருக்கு 0.3 என்றால் லிட்டருக்கு 3. இதைக் கவனிக்காமல் ஒரு லேப் ரிப்போர்ட்டையும் இன்னொரு லேப் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பத்து மடங்கு ஏறிவிட்டதாகவோ இறங்கிவிட்டதாகவோ தெரியும். அடுத்து, சாதாரண சிஆர்பியா எச்எஸ்-சிஆர்பியா என்று பாருங்கள். சாதாரணப் பரிசோதனை நோய்த்தொற்றைக் கண்டுபிடிக்க. 5, 6-க்குக் கீழே இருப்பதை அது துல்லியமாகப் பிரித்துக் காட்டாது. இதய ஆபத்தைக் கணிக்க எச்எஸ் வகைதான் வேண்டும். லிட்டருக்கு 1 மி.கி.க்குக் கீழ் குறைந்த ஆபத்து, 1 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம்.

10-க்கு மேல் வந்தால் அது இதயக் கணக்கில் சேராது. எங்கோ கிருமி இருக்கிறது, அல்லது மூட்டுவாதம் போன்ற வேறு நோய் இருக்கிறது என்று தேட வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். 3-க்கு மேல் வந்தாலும் ஒரே ரிப்போர்ட்டை நம்பாமல், இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை, ஒரே லேப்பில் எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை. வெறும் வயிறு தேவையில்லை. சளி, காய்ச்சல், சிக்கன்குனியா, பல் பிடுங்கியது, தடுப்பூசி, முந்தின நாள் உடம்பை முறிக்கும் வேலை, இவையெல்லாம் எண்ணை ஏற்றும். சிஆர்பிக்கு ரத்தத்தில் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம்தான், காரணம் போனால் சீக்கிரம் இறங்கிவிடும். ரத்தச் சிவப்பணுக்கள் படியும் வேகத்தை அளக்கும் ஈஎஸ்ஆர் அப்படியல்ல. அது மெதுவாக இறங்கும், ரத்தசோகை இருந்தாலே ஏறியிருக்கும். ஹீமோகுளோபின் 9 உள்ள பெண்ணுக்கு ஈஎஸ்ஆர் 50 என்பதை மட்டும் பார்த்து அழற்சி என்று முடிவு கட்டக் கூடாது.

எடையே காரணம் என்று முடிவு செய்யும் முன் வாயைத் திறந்து ஈறுகளைப் பாருங்கள். ஈறில் ரத்தம் கசிவது, பல் ஆடுவது, வெற்றிலை புகையிலை அடக்கும் இடம் புண்ணாக இருப்பது, இவை ஒவ்வொன்றும் சிஆர்பியை வருடக்கணக்கில் ஏற்றி வைத்திருக்கும். பீடி, சிகரெட்டும் அப்படித்தான். பல் மருத்துவரிடம் ஈறைச் சுத்தம் செய்ய ஆகும் செலவு, தொடர்ந்து போடும் ஊசியின் செலவோடு ஒப்பிட்டால் சிறியது.

இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 2008-ல் வெளிவந்த ஜூபிட்டர் ஆய்வில் 17,802 பேர். எல்லோருக்கும் எல்டிஎல் கொழுப்பு 130-க்குக் கீழ், ஆனால் எச்எஸ்-சிஆர்பி 2 அல்லது அதற்கு மேல். ரோசுவாஸ்டாடின் 20 மி.கி. மாத்திரை தினம் ஒன்று கொடுத்ததில் சிஆர்பி 37 சதவீதம் இறங்கியது, மாரடைப்பு உள்ளிட்ட சம்பவங்கள் 44 சதவீதம் குறைந்தன. எடை ஊசி இறக்கும் அதே அளவு! மாத்திரை மெடிக்கலில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. செலக்ட் ஆய்வில் இருந்தவர்களிலும் பெரும்பாலானோர் ஏற்கெனவே ஸ்டாடின் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள்தான். அதற்கு மேல் வந்த பலன்தான் ஊசியின் பலன். ஸ்டாடின் வேண்டாம், ‘அது கிட்னியைக் கெடுக்கும்’ என்று வாட்ஸ்அப்பில் படித்துவிட்டு நிறுத்தியவர், சிஆர்பிக்காக எடை ஊசி கேட்டு வருவது எனக்கு விளங்காத கணக்கு. ஸ்டாடின் யாருக்கு வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். ஆனால் அந்தப் பேச்சு ஊசிக்கு முன்னால் நடக்க வேண்டும்.

முழங்கால் வலி: எல்லாம் ஒன்றல்ல

நம் பக்கம் எடை ஊசியைப் பற்றி விசாரிப்பவர்களில் முழங்கால் வலிக்காரர்கள் அதிகம். தேய்மான மூட்டுவலிக்கு ஆதாரம் உண்டு. 2024-ல் வந்த ஸ்டெப் 9 ஆய்வில் உடல்பருமனும் முழங்கால் தேய்மானமும் உள்ள 407 பேர். 68 வாரத்தில் நூறு புள்ளி வலி அளவுகோலில் செமாக்ளூடைட் பிரிவில் 41.7 புள்ளி குறைந்தது. வெற்று ஊசி பிரிவில் 27.5. இந்த இரண்டாவது எண்ணை விளம்பரங்கள் சொல்வதில்லை. உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சி ஆலோசனையும் மட்டும் பெற்றவர்களுக்கே அந்த வலி நிவாரணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்கிறது என்று அதைப் படிக்கலாம்.

ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் மூட்டு வலிக்கு இன்னொரு பெயர் உண்டு, ஃபுளூரைடு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மி.கி.க்கு மேல் ஃபுளூரைடு இருந்து, அதைப் பல வருடம் குடித்தால் எலும்பிலும் தசைநார்களிலும் படிகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருப்பது சும்மா இல்லை. காவிரித் தண்ணீர் வந்த பிறகு நிலைமை மாறியிருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் முப்பது நாற்பது வருடம் போர்த் தண்ணீர் குடித்தவர்களின் எலும்பில் படிந்தது படிந்ததுதான். பல்லில் பழுப்புக் கோடுகள், கழுத்தைத் திருப்ப முடியாமை, முதுகு விறைப்பு, குனிய முடியாமை, இவற்றோடு முழங்கால் வலி என்றால் முன்கை எக்ஸ்ரே ஒன்று எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு எலும்புக்கும் நடுவே உள்ள சவ்வில் சுண்ணாம்பு படிந்திருந்தால் தெரியும். சிறுநீர் ஃபுளூரைடும், குடிக்கும் தண்ணீரின் ஃபுளூரைடும் பார்க்கலாம். எடை குறைந்தால் முழங்காலுக்குப் பாரம் குறையும், அவ்வளவுதான். எலும்பில் படிந்த ஃபுளூரைடை எந்த ஊசியும் கரைக்காது.

காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் ஒரு மணி நேரம் விறைத்து நின்று, இரண்டு கையிலும் ஒரேபோல வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் வேண்டும். எடை ஊசி அதற்குப் பதிலாகாது. மெத்தோட்ரெக்ஸேட்டும் வாரம் ஒரு முறை, ஊசியும் வாரம் ஒரு முறை. இரண்டையும் எடுப்பவர்கள் காலண்டரில் இரண்டு தனி நாள்களைக் குறித்து வையுங்கள். மெத்தோட்ரெக்ஸேட்டைத் தவறி தினமும் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

காசநோயையும் சொல்லாமல் விட முடியாது. சர்க்கரை நோய் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு அதிகம். எடை குறைவதும் பசி குறைவதும் சிஆர்பி ஏறுவதும் அதன் அடையாளங்கள். ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கு எடை குறைந்தால் வீட்டில் எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எடை குறைகிறது, ஆனால் சிஆர்பி ஏறுகிறது என்றால் இரண்டும் முரண். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை இருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம்.

மருந்து கைக்கு வந்த பிறகு

மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. வயல் (சிறிய மருந்துக் குப்பி) 3,500 ரூபாய், 5 மி.கி. வயல் 4,375 ரூபாய். மாதத்துக்கு நான்கு. வெகோவி 2025 ஜூனில் வந்தது, நவம்பரில் விலையைக் குறைத்தார்கள். செமாக்ளூடைடுக்கு இந்தியக் காப்புரிமை 2026 மார்ச் வரைதான். அதன் பிறகு உள்நாட்டுக் கம்பெனிகள் தங்கள் பெயரில் விற்க வழி திறக்கிறது. விலை குறைவது நல்லது. கூடவே வயல், பேனா, வெவ்வேறு செறிவு என்று வடிவங்கள் பெருகும்போது அளவுக் குழப்பமும் பெருகும்.

மருந்தளவைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். செமாக்ளூடைட் வாரம் 0.25 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறை 0.5, 1, 1.7, 2.4 என்று. டிர்செபடைட் 2.5-ல் தொடங்கி நான்கு வாரம் கழித்து 5, பிறகு தேவைப்பட்டால் இரண்டரை இரண்டரையாக 15 வரை. முதல் அளவு உடம்பைப் பழக்குவதற்கு மட்டும்தான். எடை குறையவில்லையே என்று அந்த மாதத்திலேயே இரட்டிப்பாகப் போட்டுக்கொண்டால் வாந்தியோடு வார்டில் படுக்க வேண்டி வரும்.

வயலில் உள்ள டிர்செபடைடை சிரிஞ்சில் எடுக்கும்போது ஒரு பெரிய குழி இருக்கிறது. ஒரு வயலில் ஒரு வார அளவு, 0.5 மி.லி. ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் அது 50-ஆம் கோடு. சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சில் அதே 0.5 மி.லி. 20-ஆம் கோட்டில் நிற்கும். இந்த இரண்டு சிரிஞ்சும் நம் மெடிக்கல்களில் புழங்குகின்றன. “இருபது யூனிட் போட்டுக்கோங்க” என்று யாராவது போனில் சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை. மில்லிகிராமும் மில்லிலிட்டரும்தான் கணக்கு, யூனிட் என்பது இன்சுலினுக்கு. காசு மிச்சம் பிடிக்க ஒரு 5 மி.கி. வயலை இரண்டு வாரத்துக்குப் பிரித்துப் போடுவதும் வேண்டாம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் வயலில் கிருமி வளராமல் தடுக்கும் பதப்பொருள் இல்லை, மீதியைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஊசி போடும் இடம் தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு வயிறு, அல்லது தொடை. வேறு யாராவது போட்டுவிட்டால் மேல்கையின் பின்பக்கம். வாராவாரம் இடத்தை மாற்ற வேண்டும். நாள் தவறினால் டிர்செபடைடை நான்கு நாளுக்குள் போடலாம், அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு அடுத்த முறைநாளில் போட வேண்டும். ஓசெம்பிக் என்றால் ஐந்து நாள் வரை. இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து விட்டுவிட்டால், விட்ட இடத்திலிருந்து பெரிய அளவில் தொடராமல் மருத்துவரிடம் கேட்டுக் கீழிருந்து ஏற்றுவதே வயிற்றுக்கு நல்லது.

வைக்கும் இடம் ஃப்ரிட்ஜ், 2 முதல் 8 டிகிரி. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் மேல்தட்டு ஃப்ரீசரை ஒட்டி இருக்கும், அங்கே வைத்தால் உறைந்துவிடும். பின்சுவரை ஒட்டியும் வைக்காதீர்கள். நடுத்தட்டில், அட்டைப்பெட்டியோடு. ஒருமுறை உறைந்தால், உருகிப் பார்க்கத் தெளிவாக இருந்தாலும், தூக்கிப் போட வேண்டும். கரண்ட் போனால் திறக்காத ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும். டிர்செபடைட் வயல் 30 டிகிரிக்குக் கீழ் 21 நாள் வரை வெளியே இருக்கலாம். ஓசூரில் அது பாதி வருடம் சுலபம், தர்மபுரியில் சித்திரை வைகாசியில் வீட்டுக்குள்ளேயே 30-ஐத் தாண்டும். மணல் நிரப்பி நனைத்த இரட்டை மண்பானை இன்சுலினுக்குப் பழகிய வழி. தற்காலிகமாக அது உதவும், ஃப்ரிட்ஜுக்கு மாற்று இல்லை. சேலத்திலோ பெங்களூரிலோ வாங்கி வருபவர்கள் ஐஸ் பையை மருந்தில் நேராக ஒட்ட வைக்காமல் நடுவில் ஒரு துணி சுற்றுங்கள். காரின் டேஷ்போர்டில் வைத்த மருந்தை நம்பாதீர்கள்.

ஊசிக்குப் பயந்து ரிபெல்சஸ் (செமாக்ளூடைடின் மாத்திரை வடிவம்) எடுப்பவர்களுக்கு ஒரே பிரச்சினை காலை காபி. விழுங்கியதில் ஒரு சதவீதம் அளவுதான் ரத்தத்தில் சேரும், அதுவும் வயிறு காலியாக இருந்தால். எழுந்ததும் 120 மி.லி.க்கு மிகாத தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் காபி, டீ, வேறு மாத்திரை எதுவும் கூடாது. தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில் எடுப்பவர்கள் இரண்டையும் சேர்த்து விழுங்காமல், எதை எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு, சில வாரம் கழித்து டிஎஸ்எச் என்ற தைராய்டு பரிசோதனை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேரும்போது தைராக்சின் அதிகமாக உறிஞ்சப்படும்.

ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளில்தான் அதிகத் தப்பு நடக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. தனியார் மருத்துவரிடம் ஊசி எழுதி வாங்கும்போது அந்த மாத்திரைகளை யாரும் எடுத்துக் காட்டுவதில்லை. அதில் கிளிமிபிரைடோ கிளிபென்கிளமைடோ இருந்தால், பசியில்லாமல் பாதி சாப்பாடு சாப்பிடும் ஆளுக்குச் சர்க்கரை படாரென்று இறங்கும். வேர்த்து நடுங்கினால் பிஸ்கட் வேண்டாம், இரைப்பை மெதுவாக வேலை செய்வதால் தாமதமாகும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். வில்டாகிளிப்டின், சிடாகிளிப்டின், டெனலிகிளிப்டின் மாத்திரைகள் இந்த ஊசியோடு சேர்ந்தால் கூடுதல் பலன் இல்லை, நிறுத்தலாமா என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது வலி மாத்திரை. வாந்தியும் பேதியும் ஓடும் வாரத்தில் தண்ணீர் இறங்காது. அதே வாரம் முழங்காலுக்கு டைக்ளோஃபெனக்கோ அசிக்ளோஃபெனக்கோ. கூடவே டெல்மிசார்ட்டனும் நீர் பிரியும் மாத்திரையும் கலந்த பிரஷர் மாத்திரை. இந்த மூன்றும் உலர்ந்த உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைந்து கிரியாட்டினின் சில நாளில் ஏறிவிடும். ஊசி ஆரம்பித்த முதல் மூன்று மாதம் வலிக்குப் பாரசிட்டமாலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாந்தி நிற்காத நாளில் பிரஷர் மாத்திரையைப் போடலாமா என்று போன் போட்டுக் கேளுங்கள்.

சாப்பாட்டில் முதலில் மாற வேண்டியது களி. ராகி நல்லதுதான். 100 கிராமில் 350 மி.கி. அளவுக்குக் கால்சியம் உண்டு. ஆனால் களியை நாம் மெல்லுவதில்லை, குழம்பில் தோய்த்து விழுங்குகிறோம். மெதுவாகக் காலியாகும் இரைப்பையில் இரண்டு உருண்டை களி விழுந்தால் மத்தியானம் சாப்பிட்டது ராத்திரி வரை நெஞ்சில் நிற்கும், ஏப்பம் நாறும், கடைசியில் வாந்தி. பாதி உருண்டை, நிறையக் குழம்புக் கொட்டையோடு என்று மாற்றுங்கள். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும், 70 கிலோ ஆளுக்கு 70 முதல் 84 கிராம். ராகியில் 100 கிராமுக்கு 7 கிராம்தான் இருக்கிறது. கொள்ளில் 22. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சொன்னவர்கள் புரதக் கணக்குப் பார்க்கவில்லை, ஆனாலும் சரியாகவே சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முட்டை 12, ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டெப் 1-ல் உடலமைப்பை ஸ்கேன் செய்து பார்த்தவர்களுக்குக் குறைந்த எடையில் சுமார் 40 சதவீதம் தசை உள்ளிட்ட கொழுப்பற்ற பகுதி. தசை கரைந்தால் முழங்கால் இன்னும் மோசமாகும். வாரம் இரண்டு நாளாவது நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரைத் தள்ளுவது போன்ற எதிர்ப்புப் பயிற்சி வேண்டும். நடை மட்டும் போதாது.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடுமையான வலி வாந்தியோடு வந்தால் கணைய அழற்சியாக இருக்கலாம். அடுத்த ஊசி போடாமல் உடனே ஆஸ்பத்திரி. டிரைகிளிசரைடு மிக அதிகம் உள்ளவர்களும் குடிப்பவர்களும் இதில் கூடுதல் ஜாக்கிரதை. வலது விலாவுக்குக் கீழ் வலியும் கண் மஞ்சளும் என்றால் பித்தப்பைக் கல். எடை வேகமாகக் குறையும்போது கல் உருவாகும். சர்க்கரை பல வருடமாகக் கட்டுக்குள் இல்லாதவர்கள் தொடங்கும் முன் விழித்திரையைப் பார்த்துவிட வேண்டும். மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் தனக்கோ குடும்பத்திலோ இருந்தால் இந்த மருந்தே கூடாது. குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்கள் டிர்செபடைட் தொடங்கும்போதும் ஒவ்வொரு முறை அளவு ஏற்றும்போதும் நான்கு வாரம் ஆணுறை போன்ற வேறு தடுப்பும் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஊசி விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முந்தின ராத்திரியிலிருந்து பட்டினி என்றாலும் வயிற்றில் சோறு இருக்கும்.

நிறுத்தினால் என்ன ஆகும் என்பதையும் தொடங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டெப் 1-ல் ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற மேம்பாடுகளில் பெரும்பாலானவையும் பழைய நிலையை நோக்கிப் போயின. ஆகவே சிஆர்பியை மூன்று நேரங்களில் எடுப்பது உருப்படியானது: தொடங்கும் முன் இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை, தாங்கக்கூடிய அளவை எட்டி மூன்று மாதம் ஆனதும், நிறுத்தினால் நிறுத்திய மூன்று நான்கு மாதத்தில். நடுவில் மாதாமாதம் எடுத்துப் பார்ப்பது லேப்புக்குத்தான் லாபம். நிறுத்திய பிறகு இடுப்பளவு அப்படியே இருந்து சிஆர்பி மட்டும் ஏறினால் தொப்பையை விட்டுவிட்டு மறுபடி பல், சளி, மூட்டு என்று வேறு இடத்தில் தேடுங்கள்.